ராபர்ட் கென்னடி: நேரில் போய்ப் பார்த்தவர்

திருநெல்வேலிச் சீமையில் 1960களிலும் 70களிலும் பிறந்த ஆண்களிடையே கென்னடி என்ற பெயரைக் காண்பது அரிதல்ல. நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துக் கிறித்தவக் குடும்பங்களிலும் உண்டு. அரசியல் பற்றின் காரணமாகப் பிள்ளைகளுக்கு அயல்நாட்டுத் தலைவர்களின் பெயரைச் சூட்டிய வீடுகளிலும் உண்டு. அந்தப் பெயர் பெரும்பாலும் 1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் நினைவாக வைத்ததுதான். அவருடைய தம்பி ராபர்ட்டைப் பற்றிக் கேட்டால், "அவரையும்லா சுட்டுக் கொன்னுட்டானுவ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அண்ணனைவிடத் தம்பியின் வாழ்க்கைதான் நின்று படிக்கத் தக்கது என்பது என் கருத்து. அவர் கொல்லப்பட்டதும், உயிரோடு இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி முன்னால் வந்து நின்றுகொண்டது. அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது அதன் பின்னால் போய்விட்டது. அந்தச் செயல்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

ராபர்ட் ஃபிரான்சிஸ் கென்னடி 1925 நவம்பர் 20 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைன் நகரில், ஒன்பது பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தார். தந்தை ஜோசப் கென்னடி பெருஞ்செல்வர், பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதராக இருந்தவர். மூத்த மகன் ஜோசப் 1944இல் போரில் இறந்துபோக, குடும்பத்தின் அரசியல் ஆசை முழுவதும் இரண்டாமவரான ஜான் மீது விழுந்தது. அந்த ஆசையை நிறைவேற்றுவதற்கான வேலைகளைச் செய்யும் பொறுப்பு ராபர்ட்டின் தலையில் வந்தது. 1952இல் அண்ணன் செனட்டுக்குப் போட்டியிட்டபோதும், 1960இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோதும் தேர்தல் பணியை நடத்தியவர் இவரே. கட்சிக்காரர்களிடம் அவருக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. இரக்கமற்றவர், எதிரியை மறக்காதவர், அண்ணனுக்காக எதையும் செய்யக்கூடியவர் என்றே பேசினார்கள்.

அந்தப் பேச்சு முழுப் பொய்யுமல்ல. எங்கு பார்த்தாலும் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பலருடைய வாழ்வைக் குலைத்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுவில் 1953இல் சில மாதங்கள் வழக்கறிஞராகப் பணியாற்றியவர் ராபர்ட். பின்னர் அங்கிருந்து விலகி, எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் வழக்கறிஞராக அதே குழுவுக்குத் திரும்பினார் என்பது உண்மை. ஆனால் மெக்கார்த்தி மீது அவருக்கு இருந்த தனிப்பட்ட அன்பு கடைசிவரை மாறவில்லை. அடுத்து, தொழிற்சங்கங்களில் புகுந்த முறைகேடுகளை ஆராய்ந்த செனட் குழுவின் தலைமை வழக்கறிஞராக, லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹோஃபாவை அவர் துரத்திய விதத்தில் நீதியுணர்வோடு சொந்தப் பகையும் கலந்திருந்தது.

1961இல், 35 வயதில், அண்ணனின் அமைச்சரவையில் நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியானார். அந்தப் பதவிக்காலத்தை அவருடைய ரசிகர்கள் எழுதும்போது, மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேர்வதற்காக 1962இல் மத்தியக் காவலர்களை அனுப்பியதையும், அதே ஆண்டு அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது சோவியத் தூதர் டோப்ரினினை இரவில் சந்தித்துப் போரைத் தவிர்க்க உதவியதையும் சொல்வார்கள். இரண்டும் பெரிய காரியங்கள்தான். ஆனால் 1963 அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க, மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு எழுத்துப்பூர்வமாக அனுமதி வழங்கியவரும் இவரே. தென்மாநிலப் பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பயணம் செய்து அடிபட்ட இளைஞர்களை, கொஞ்ச காலம் பொறுத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டவரும் இவரே. கறுப்பின மக்களின் துயரம் அன்று அவருக்கு அண்ணனின் ஆட்சிக்கு வந்த தலைவலியாகத் தெரிந்ததே தவிர, மனிதத் துயரமாக முழுமையாக உறைக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். இதைச் சொல்லாமல் அவருடைய பிற்காலத்தை மட்டும் புகழ்வது அவருக்கே செய்யும் அநீதி. ஏனெனில் அவர் எவ்வளவு தொலைவு நடந்து வந்தார் என்பது புறப்பட்ட இடத்தைக் காட்டினால்தான் தெரியும்.

அண்ணனின் கொலை அவரை உடைத்துப்போட்டது. பல மாதங்கள் நடைபிணமாகத் திரிந்தார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கிரேக்க நாடகாசிரியர்களைப் படிக்கத் தொடங்கியது அப்போதுதான். 1964இல் நியூயார்க் மாநிலத்திலிருந்து செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1966 ஜூனில் இனவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, கேப்டவுன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசினார். நடமாட்டம் தடை செய்யப்பட்டிருந்த கறுப்பினத் தலைவர் ஆல்பர்ட் லுத்தூலியை அவருடைய ஊருக்கே போய்ச் சந்தித்தார். வியட்நாம் போரைத் தொடங்கி வளர்த்ததில் தனக்கும் பங்கு உண்டு என்பதை 1967 மார்ச்சில் செனட் அவையிலேயே ஒப்புக்கொண்டு, குண்டுவீச்சை நிறுத்தக் கோரினார். ஆட்சியில் இருந்தவர்கள் இப்படிப் பேசுவது எந்த நாட்டிலும் அடிக்கடி நடப்பதல்ல.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அதற்கு அடுத்த மாதம், அதாவது 1967 ஏப்ரலில், அவர் மிசிசிப்பி டெல்டா பகுதிக்குச் சென்ற பயணம். அங்கே பருத்திக் காடுகளில் களையெடுத்தும் பறித்தும் பிழைத்த கறுப்பினத் தொழிலாளர்களின் வேலையை இயந்திரங்களும் களைக்கொல்லி மருந்துகளும் பறித்துவிட்டன. அதுவரை இலவசமாகக் கிடைத்த அரசு தானியங்களுக்குப் பதிலாக உணவுக் கூப்பன் முறை வந்தது; ஆனால் அந்தக் கூப்பனைப் பெற ஏழைகளும் ஒரு தொகை கட்ட வேண்டும். வருமானமே இல்லாதவர் எதைக் கட்டுவார்? இந்த நிலைமையைச் செனட் குழுவின் முன் எடுத்துரைத்தவர் மரியன் ரைட் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர். குழுத் தலைவர் ஜோசப் கிளார்க்கும் ராபர்ட் கென்னடியும் நேரில் பார்க்கப் புறப்பட்டார்கள்.

கிளீவ்லாண்ட் என்ற ஊரில், வெளிச்சம் நுழையாத ஒரு குடிசைக்குள் வயிறு உப்பிய சிறு குழந்தை ஒன்று தரையில் உட்கார்ந்து, சிந்திக் கிடந்த உணவுத் துணுக்குகளைத் தடவிக்கொண்டிருந்தது. கென்னடி அதன் அருகில் தரையிலேயே அமர்ந்து, கன்னத்தைத் தொட்டார், வயிற்றைத் தடவினார், பேச்சுக் கொடுத்தார். அவருக்கே அப்போது பத்துப் பிள்ளைகள். குழந்தைகளைச் சிரிக்க வைக்கத் தெரியாதவரல்ல. அந்தக் குழந்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. உடனிருந்த அவருடைய உதவியாளர் பீட்டர் எடல்மன் பிற்காலத்தில் பலமுறை விவரித்த காட்சி இது. வெளியே வந்த கென்னடி, இப்படியொரு பசியை அமெரிக்காவில் கண்டதில்லை என்ற பொருளில் பேசினார். வாஷிங்டன் திரும்பியதும் வேளாண்துறை அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்தார். வருமானம் அறவே இல்லாத குடும்பங்கள் அமெரிக்காவில் இருக்க முடியாது என்று முதலில் மறுத்த அமைச்சர், பின்னர் தம் அதிகாரிகளை அனுப்பிப் பார்த்துவரச் செய்தார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்று குறுக்கே வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1956இல் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். அன்று எட்டயபுரம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1960களில் அந்தத் திட்டத்துக்கு 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் வழியாகப் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் வந்தன. நாங்குநேரிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் படித்த என் பெரியம்மை, கொதிக்கிற அண்டாவில் பால் பவுடரைக் கொட்டிக் கட்டி விழாமல் துடுப்பால் கிண்டுவதையும், மஞ்சள் நிற உப்புமாவின் மணத்தையும் இன்றும் சொல்வாள். மிசிசிப்பிக் குழந்தையின் கதையை அவளிடம் சொன்னபோது, சற்று நேரம் நம்பாமல் என்னையே பார்த்தாள். "அமெரிக்காக்காரன் அனுப்புன பாலுன்னு டீச்சரம்மா சொல்லுவாவ. அங்க பசியே கெடையாதுன்னுல்லா நெனச்சோம்" என்றாள்.

நாங்குநேரிக்குக் கப்பலேறி வந்த பால், அதே நாட்டின் ஒரு மாநிலத்துக் குடிசைக்குள் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவின் தானியக் கிடங்குகளில் குறைவில்லை. கூப்பனுக்குக் காசு கட்ட வேண்டும் என்ற விதி ஒன்றுதான் குறுக்கே நின்றது. அந்த விதி கென்னடியின் வாழ்நாளில் முழுதாக ஒழியவில்லை. 1977இல் நிறைவேறிய உணவுக் கூப்பன் சட்டம்தான் அந்தக் கட்டணத்தை நீக்கியது. ஆனால் பசி என்ற சொல்லை அமெரிக்கச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்ததில் அந்த ஏப்ரல் பயணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களோடு அவருக்கு ஏற்பட்ட உறவும் இப்படி நேரில் போனதால் வந்ததே. பிலிப்பினோ, மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் 1965இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தை விசாரிக்க, 1966 மார்ச்சில் டெலனோ என்ற ஊரில் செனட் குழு கூடியது. தொழிலாளர்கள் சட்டத்தை மீறக்கூடும் என்று தோன்றியதால் முன்கூட்டியே கைது செய்தோம் என்று அந்த வட்டாரத்தின் காவல் தலைவர் வெகு இயல்பாகச் சாட்சியம் சொன்னார். உணவு இடைவேளையில் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள் என்று கென்னடி அவருக்கு அறிவுரை கூறினார். 1968 மார்ச் 10 அன்று, தொழிலாளர் தலைவர் சேசர் சாவேஸ் தம் 25 நாள் உண்ணாநோன்பை முடித்துக்கொண்டபோது அருகில் அமர்ந்து ரொட்டியைப் பகிர்ந்துண்டவரும் கென்னடியே. காந்தியின் வழியைப் பின்பற்றி நோற்ற அந்த நோன்பைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேசப்படவில்லை என்பது எனக்குக் குறைதான்.

ஆறு நாட்கள் கழித்து, மார்ச் 16 அன்று, குடியரசுத் தலைவர் பதவிக்கான வேட்பாளராகத் தம்மை அறிவித்தார். இதிலும் ஒரு குறை உண்டு. போரை எதிர்த்து, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த லிண்டன் ஜான்சனுக்கு எதிராகக் களமிறங்கும் துணிவு முதலில் வந்தது செனட்டர் யூஜீன் மெக்கார்த்திக்கு (முன்னே சொன்ன ஜோசப் மெக்கார்த்தி வேறு). கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான நியூ ஹாம்ப்ஷயர் முதல்நிலைத் தேர்தலில் அவர் ஜான்சனைத் திணறடித்த பிறகுதான் கென்னடி வந்தார். அவரைச் சந்தர்ப்பவாதி என்று மெக்கார்த்தியின் இளைஞர்கள் ஏசியதில் நியாயம் இருந்தது. மார்ச் 31 அன்று ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார். ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அன்று மாலை கென்னடி இண்டியானாபொலிஸ் நகரின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் பேசுவதாக இருந்தது. போகவேண்டாம், பாதுகாப்புக் கொடுக்க இயலாது என்று காவல்துறை எச்சரித்தது. அவர் போனார். திறந்த லாரி ஒன்றின் மீது ஏறி நின்று, கிங் இறந்த செய்தியை அவரே கூட்டத்துக்குச் சொன்னார். பலர் அதுவரை அறிந்திருக்கவில்லை. அலறல் அடங்கியபின், எழுதி வைத்துக்கொள்ளாமல் சில நிமிடங்கள் மட்டுமே பேசினார். உங்களுக்கு வெள்ளையர் மீது வெறுப்பு வருவது எனக்குப் புரிகிறது, என் குடும்பத்திலும் ஒருவர் கொல்லப்பட்டார், அவரைக் கொன்றவனும் வெள்ளையன்தான் என்றார். அண்ணனின் கொலையைப் பற்றி அவர் பொதுமேடையில் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை. பிறகு கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் வரிகளை நினைவிலிருந்து சொன்னார். துயரம் உறக்கத்திலும் துளித்துளியாக நெஞ்சில் விழுந்து, நாம் விரும்பாமலே நமக்குள் அறிவாக மாறுகிறது என்பது அவற்றின் சாரம். அந்த இரவில் அமெரிக்காவின் பல நகரங்கள் பற்றியெரிந்தன. அடுத்த சில நாட்களில் கலவரம் கண்ட நகரங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. இண்டியானாபொலிஸ் அமைதியாக இருந்தது. அதற்கு அந்தப் பேச்சு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்களின் உழைப்பும் இருந்தது. ஆனால் ஐந்தாண்டுகளுக்கு முன் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க ஒப்பமிட்ட அதே மனிதர், கிங்கின் மக்கள் நடுவில் காவல் இன்றி நின்று தம் புண்ணைத் திறந்து காட்டினார் என்பதை நினைக்கும்போது, அரசியல்வாதிகள் மாறவே மாட்டார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை.

முதல்நிலைத் தேர்தல்களில் இண்டியானாவிலும் நெப்ராஸ்காவிலும் வென்றார், ஒரேகனில் தோற்றார், ஜூன் 4 அன்று கலிபோர்னியாவில் வென்றார். நள்ளிரவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசடர் ஹோட்டலில் வெற்றியுரை ஆற்றி, சாவேஸுக்கும், மேடையில் நின்ற தொழிலாளர் தலைவி டோலரஸ் உவெர்டாவுக்கும் நன்றி சொன்னார். பத்திரிகையாளர்களைச் சந்திப்பதற்காகச் சமையலறையை ஒட்டிய பண்டக அறை வழியாக அழைத்துச் சென்றார்கள். அவர் ஓர் ஊழியரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தது. அந்த ஊழியர் ஹுவான் ரொமேரோ, மெக்சிகோவில் பிறந்த 17 வயதுப் பையன், மேசையிலிருந்து எச்சில் தட்டுகளை எடுக்கும் வேலை செய்தவர். கீழே விழுந்த கென்னடியின் தலையைச் சிமெண்டுத் தரையில் படாமல் தாங்கிக்கொண்டவர் அவரே. மற்றவர்கள் நலமா என்று கென்னடி கேட்டதாக ரொமேரோ நினைவு கூர்ந்திருக்கிறார். ரொமேரோ தம் சட்டைப் பையிலிருந்த செபமாலையைக் கென்னடியின் கையில் வைத்தார். மேலும் ஐந்து பேர் காயமடைந்து பிழைத்தனர். கென்னடி ஜூன் 6 அதிகாலை 1.44 மணிக்கு இறந்தார். வயது 42.

சுட்டவர் சிர்ஹான் சிர்ஹான், ஜெருசலேமில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்த 24 வயதுப் பாலஸ்தீனக் கிறித்தவர். இஸ்ரேலுக்குப் போர் விமானங்கள் அளிப்பதைக் கென்னடி ஆதரித்தது அவருடைய சினத்துக்குக் காரணம் என்று விசாரணையில் வெளிவந்தது. கென்னடி சாக வேண்டும் என்று தம் குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தார். உயிரைப் பறித்த குண்டு காதின் பின்புறமிருந்து மிக அருகில் பாய்ந்தது என்று பிணக்கூறாய்வு சொல்ல, சிர்ஹான் முன்னால் நின்றார் என்று சாட்சிகள் சொன்னதால், இரண்டாவது துப்பாக்கி ஒன்று இருந்தது என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. தள்ளுமுள்ளில் திரும்பிய தலையையும் கூட்டத்தின் குழப்பத்தையும் கணக்கில் எடுத்தால், எனக்கு அது தேவையற்ற வாதமாகவே படுகிறது. கொலைகளைச் சுற்றிக் கதை பின்னுவது எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதற்கான காரணம் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நிலையத்துக்குச் சுட்டவரின் பெயர் நிலைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் நேர்மாறு: ஹோட்டலை இடித்துவிட்டு, 2010இல் திறந்த பள்ளி வளாகத்துக்குச் சுடப்பட்டவரின் பெயரை வைத்தார்கள். இடையில் அந்த நிலத்தில் 125 மாடிக் கட்டடம் எழுப்ப டொனால்ட் டிரம்ப் முயன்று, கல்வி வாரியத்தோடு நெடுங்காலம் வழக்காடியது தனிக் கதை. அன்றிரவு தலையில் குண்டடி பட்டுப் பிழைத்த தொழிற்சங்கத் தலைவர் பால் ஷ்ரேட், அங்கே பள்ளிதான் வரவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். பள்ளியின் நூலகம் அவர் பெயரில் இருக்கிறது.

ஜூன் 8 அன்று அவருடைய உடலை நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு ரயிலில் கொண்டுசென்றார்கள். பாதி நேரத்தில் கடக்கக்கூடிய அந்தத் தொலைவைக் கடக்க எட்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இருபுறமும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் நின்றிருந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். அந்த ரயிலிலிருந்து பால் ஃபுஸ்கோ எடுத்த வண்ணப் புகைப்படங்கள் கிடைத்தால் பாருங்கள்: சட்டையில்லாத சிறுவர்கள், வணக்கம் வைக்கும் முதியவர்கள், கைக்குழந்தையோடு தண்டவாளத்தோரம் நிற்கும் தாய்மார்கள், வெள்ளையரும் கறுப்பரும் கலந்து. எலிசபெத் என்ற ஊரில் எதிர்த்திசையில் வந்த ரயில் மோதி, பார்க்க வந்தவர்களில் இருவர் இறந்துபோனார்கள். ஆர்லிங்டன் கல்லறையில் அண்ணனுக்கு அருகே அடக்கம் செய்தபோது இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது.

குடியரசுத் தலைவர் வேட்பாளர்களுக்கு அரசுப் பாதுகாப்பு அளிக்கும் வழக்கம் அந்தக் கொலைக்குப் பின் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. அது போதுமானதாக இருந்ததா என்பதை அமெரிக்கச் செய்திகளைப் படிப்பவர்கள் அறிவார்கள். அவர் பெயரைத் தாங்கிய மகன் 2025இல், தந்தையின் கட்சிக்கு எதிரான குடியரசுக் கட்சியின் அமைச்சரவையில் சேர்ந்தார். அந்த மகனைக் கொண்டு தந்தையைப் புகழ்வதும் இகழ்வதும் இப்போது வழக்கமாகியிருக்கிறது. இரண்டும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சிர்ஹானுக்கு 1969இல் மரண தண்டனை விதித்தார்கள். அதற்கு முன் கடைசித் தம்பி எட்வர்ட் கென்னடி அரசு வழக்கறிஞருக்குக் கைப்பட எழுதிய கடிதத்தில், தம் அண்ணன் தன் மரணத்துக்காக இன்னோர் உயிர் பறிக்கப்படுவதை விரும்பியிருக்கமாட்டார் என்று கருணை கேட்டிருந்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கலிபோர்னியாவில் மரண தண்டனை செல்லாது என்ற 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பால் அது ஆயுள் தண்டனையாக மாறியது. 2021இல் பரோல் குழு விடுதலைக்குப் பரிந்துரைத்தபோது பிள்ளைகளில் இருவர் ஆதரித்தார்கள். ஆறு பேர் கடுமையாக எதிர்த்தார்கள். 2022 ஜனவரியில் ஆளுநர் கேவின் நியூசம் பரிந்துரையை நிராகரித்தார். சிர்ஹான் இன்னும் சிறையில் இருக்கிறார். இந்த விவாதத்தில் இரு தரப்பு ஆதரவாளர்களும் ராபர்ட் கென்னடி உயிரோடு இருந்தால் தங்கள் பக்கமே நின்றிருப்பார் என்று எழுதுகிறார்கள். 1969இல் எட்வர்ட் அப்படி எழுதியபோது, கூடப் பிறந்து வளர்ந்தவரின் உரிமை அதில் இருந்தது. மற்றவர்கள் தங்கள் வாதத்தைத் தங்கள் பெயரிலேயே வைக்கலாம். டெல்டாவுக்கும் டெலனோவுக்கும் போனவர் அங்கே சொன்னதும் செய்ததும் பதிவில் இருக்கின்றன, பரோலைப் பற்றி அவர் பேசிய பேச்சு எதுவும் அவர்களிடம் இல்லை.